நூற்றுப் பதினெட்டாம் பின்

காலை ஒன்பது நாற்பது, இருநூற்றுப் பதினேழு, மருதாசலம். வாசலில் விரித்து வைத்திருந்த பதிவேட்டில் நேரம், பொருள்களின் எண்ணிக்கை, பெயர் என்று மூன்று கட்டங்கள். மூன்றையும் நிரப்பினார். நான்காவதாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "பழைய மோட்டார் சைக்கிள் கம்பெனிப் பின்கள், அனைத்தும் நகல்" என்று எழுதும்போது 'அனைத்தும்' என்ற சொல்லில் பேனா ஒரு கணம் நின்றது, பிறகு நகர்ந்தது. எழுதியாகிவிட்டது. அடித்தால் பின்னால் நிற்பவர் பார்ப்பார். பின்னால் நின்றவர் ஒரு கார்பரேட்டரைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். யார் எதை அடித்தால் அவருக்கென்ன? ஆனாலும் முப்பத்தைந்து வருஷம் பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்த கை, எழுதியதை அடித்ததில்லை. அடிக்கலாம், அதற்கு விதி உண்டு. ஒரே ஒரு கோடு, கீழே இருக்கும் எழுத்து தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து. மற்றவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். தனக்கு அது தேவைப்பட்டதில்லை என்பதை ஓய்வு பெற்ற நாள் கூட்டத்தில் மேலாளர் மைக்கில் சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள், சாரதாமணி முன்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை இல்லை. சளி.

மேசை எண் பன்னிரண்டு. ஜனவரி மாதத்து முதல் ஞாயிறு கோவையில் பழைய வண்டிக்காரர்கள் சங்கம் ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கில் கண்காட்சி வைக்கும். பதினான்கு வருஷமாக அதைப் பார்க்க வந்தவர். மேசை கிடைப்பது இதுதான் முதல் தடவை. வண்டி இருப்பவனுக்குத்தான் இங்கே இடம். அவரிடம் இருப்பது ஒரு எஸ்டி பைக், அதுவும் ஓடுகிற எஸ்டி. அதில்தான் காய்கறி வாங்கப் போகிறார். தினமும் ஓடுகிற வண்டியை யாரும் காட்சிக்கு வைப்பதில்லை. இந்த முறை சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து சட்டைப் பின்களைக் குத்தி வைத்த பலகையைப் பார்த்தார், இத்தனை நாளா எங்கீங்க வெச்சிருந்தீங்க என்று கேட்டார். எங்கே வைத்திருப்பது, படுக்கையறைச் சுவரில்தான். நான்கடி நீளம் மூன்றடி உயரம் பிளைவுட், மேலே மெரூன் வெல்வெட், வெல்வெட்டை வெட்டிக் கொடுத்தது சாரதாமணி, ஓரம் மடித்து ஆணி அடித்தது அவர். வரிசைக்குப் பன்னிரண்டு, பதினெட்டு வரிசை. கடைசியாக வந்த ஒன்று மட்டும் கீழே தனியாக. நாடு வாரியாக அல்ல, கம்பெனி வாரியாக அல்ல, கிடைத்த வரிசையில்தான். அப்படி வைத்தால்தான் மனுஷன் எப்படிக் கற்றுக்கொண்டான் என்பது தெரியும். வலப்பக்கம் ஒரு அட்டை: இங்குள்ள எதுவும் அசல் அல்ல. ஒவ்வொன்றின் முதுகிலும் என் கையால் வைத்த புள்ளி உண்டு. புள்ளி இருந்தால் நகல். இரண்டு தடவை எழுதிப் பார்த்துப் பிறகு நகல் எடுத்த அட்டை. வியாழக்கிழமை காலை எழுதியது. வியாழக்கிழமை காலை அது உண்மை. மத்தியானம் மூன்று மணிக்கு அது உண்மை இல்லை. பழைய சிநேகிதனின் மகள் ஷம்ஷாத் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பதினொரு மணிக்கு இன்னும் ஒரு மணி இருபது நிமிடம். ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வண்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலகை முன்னால் வந்ததும் நடையைக் குறைக்கிறார்கள், குனிகிறார்கள், விரலால் தொடாமல் சுட்டுகிறார்கள். இந்தக் குனிவைத்தான் இத்தனை வருஷம் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒருவர் மேட்ச்லெஸ் கம்பெனியின் இறக்கை வைத்த எம் எழுத்தைப் பார்த்து அதிலிருந்து நகராமல் நிற்கிறார். அது நல்ல நகல், இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். செய்தது ஜலந்தரில் ஒரு பட்டறை, உரிமையாளருக்கு ஹிந்தியில் கடிதம் எழுத ஒரு ரயில்வே நண்பர் உதவினார், மூன்று முறை திருப்பி அனுப்பி நான்காவதைத்தான் மருதாசலம் ஏற்றுக்கொண்டார். அந்தப் பட்டறைக்காரர் கடைசிக் கடிதத்தில், உங்களைப் போல் நான்கு பேர் இருந்தால் நான் கடையை மூடிவிடுவேன், ஒருவர் என்பதால் பிழைத்தேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதமும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அசல் பின் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் ஏழெட்டுப் பேர் உண்டு. பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் திறந்து காட்டி உடனே மூடுவார்கள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, அசல் என்பதைத் தவிர. நகலில்தான் பார்க்க இருக்கிறது. செய்தவன் எதைக் கவனித்தான், எங்கே அவசரப்பட்டான், எந்த இடத்தில் அசலைப் பார்க்காமல் யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்தான், எல்லாம் முகத்தில் இருக்கும். முதல் வரிசையில் முதல் பின்னே அதற்குச் சாட்சி. பி.எஸ்.ஏ. கம்பெனிச் சின்னத்தில் கூராகச் சாய்த்து நிறுத்திய துப்பாக்கிகள் மூன்று. இதில் நான்கு. எழுபத்தொன்பதில் உக்கடம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. தேடி வாங்கியதல்ல, எஸ்டிக்கு ஒரு ஸ்டாண்டு ஸ்பிரிங் தேடப் போன இடத்தில் கண்ணில் பட்டது. அழகாக இருக்கிறதே என்று சட்டையில் குத்திக்கொண்டு கோட்டைமேட்டில் சிநேகிதன் சிக்கந்தரின் மெக்கானிக் பட்டறைக்குப் போனபோது, அவன் கையில் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்த்து, ஒரு துப்பாக்கி சாஸ்தியா வெச்சிருக்கறயே, யாரைச் சுடப் போற என்று கேட்டான். அன்றைக்குத்தான் எண்ணிப் பார்க்கிற பழக்கம் வந்தது. பார்க்கிறவன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைச் சொன்னவன் சிக்கந்தர். அவனுடைய பின்னைத்தான் எண்ணிப் பார்க்கவில்லை.

புள்ளி வைக்கும் பழக்கம் கம்பெனியிலிருந்து வந்தது. அங்கே தேறிய வார்ப்புக்கு சென்டர் பஞ்சால் ஒரு தட்டு, தேறாததற்குச் சிவப்புப் பெயின்ட். பஞ்ச் என்கிற அந்தக் கூர் இரும்பின் முனையை உலோகத்தில் வைத்து, சுத்தியலைத் தூக்காமல் மணிக்கட்டால் மட்டும் ஒரு தட்டு. ஊசி முனை அளவு பள்ளம் விழும், அழியாது. நகல் பின்களை வாங்கிப் பழசாக்கி அசல் என்று விற்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டதும், தன் கையைத் தாண்டிப் போகிற எதையும் அப்படி யாரும் சொல்ல முடியாதபடி முதுகில் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தார். செத்த பிறகு பலகை யார் கைக்குப் போனாலும் புள்ளி பேசும். இதைச் சாரதாமணியிடம் சொன்னபோது, செத்த பின்னாடியுமா இன்ஸ்பெக்‌ஷன் என்றாள். ஆனால் பெருமை இல்லாமல் இல்லை அவளுக்கும். வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் படுக்கையறைக்குக் கூட்டிப்போவது அவள்தான், ஏதோ பீரோவைக் காட்டுவது போல. மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடாததை அவள் முதல் நாளே பார்த்துவிட்டாள். ஆருக்காச்சும் ஒடம்பு சரியில்லைங்களா என்று கேட்டாள். இல்லை என்றார். அப்ப வயிறா என்றாள். இல்லை என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை, ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், குடித்தார்.

பக்கத்து மேசை இல்லை, பக்கத்தில் ஒரு புல்லட், அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன் சொந்தக்காரர் ஜெகதீசன். பல் டாக்டர், ஐம்பதைத் தொடுகிறார், வண்டியின் நிக்கலில் தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர். பத்து இருபதுக்கு எழுந்து வந்து பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தார், அட்டையை வாய்விட்டுப் படித்தார், பிறகு கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, "ஏனுங்ண்ணா, இருநூத்திப் பதினேழுல ஒண்ணு கூடவா நெசமில்ல?" என்று கேட்டார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். மருதாசலமும் சிரித்தார். வழக்கமாக இதற்கு ஒரு பதில் உண்டு, நிஜம் பார்க்கணும்னா உங்க க்ளினிக்ல கட்டுன பல்லப் பார்த்துக்கறேன் என்று. இன்று அட்டையை நேராக நகர்த்தி வைத்தார். ஜெகதீசன் தொண்ணூற்று நான்கில் அன்றைக்குச் சிக்கந்தரின் பட்டறையில் இருந்தவர் என்பது நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது பல் மருத்துவக் கல்லூரி மாணவன், இதே புல்லட்டுக்கு கிளட்ச் மாற்ற வந்து உட்கார்ந்திருந்தான். அவருக்கு நினைவிருக்குமா? இருக்கும். இல்லாமலும் இருக்கும். அவர் பல்லைப் பார்க்கிறவர், பின்னைப் பார்க்கவில்லை. பார்த்தது, பார்த்துச் சொன்னது ஒரே ஒரு ஆள், மருதாசலம்.

தொண்ணூற்று நான்கில் ஒரு சாயங்காலம் ஐந்து மணி, ஷிஃப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு போயிருந்தார். பட்டறையில் டீ வந்திருந்தது, நான்கைந்து பேர். சிக்கந்தர் கையைப் பெட்ரோலில் கழுவி, துடைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். பஞ்சுக்கு நடுவில் ஒரு பின். பச்சை எனாமலில் வெள்ளைக் கொக்கு, கால்களைப் பின்னால் நீட்டிப் பறக்கிறது, கீழே வெல்ஃபோர்டு என்று ஆங்கில எழுத்து. அந்தக் கம்பெனி வண்டி இந்த ஊரில் பத்துப் பேரிடம் இருந்திருந்தால் அதிகம். சிக்கந்தரின் அப்பா மதராஸில் அதை விற்ற கடையில் மெக்கானிக்காக இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்து வருஷ சர்வீசுக்காக ஐம்பத்தெட்டில் சீமையிலிருந்து வரவழைத்துக் கொடுத்த பின் இது என்றான் சிக்கந்தர், அம்மா பெட்டியில் இருந்தது, இப்போதுதான் கிடைத்தது. மருதாசலம் வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் செருகும் லென்ஸைப் பையிலிருந்து எடுத்தார். அந்த லென்ஸ் அவர் பையில் எப்போதும் இருக்கும், அதை எடுக்கும்போது பட்டறை கொஞ்சம் அமைதியாகும், அந்த அமைதி அவருக்குப் பிடிக்கும். பின்னை வாங்கினார், திருப்பினார். முதுகில் பித்தளைக் கிளிப், இரண்டு இறக்கை வைத்தது, ஓரத்தில் மூன்று வரி. அந்த மூன்று வரி ஜலந்தர்ப் பட்டறையின் கிளிப். எண்பதுக்குப் பிறகு வந்தது. தன்னிடம் உள்ள பின்களில் பாதிக்கு அதே கிளிப். போதும். சோதனைப் பிரிவில் ஒரு முறை உண்டு, முதல் அளவிலேயே விழுந்த உருப்படியை இரண்டாம் அளவுக்கு எடுப்பதில்லை, நேரம் வீண், சிவப்புப் பெயின்ட் அடித்துத் தள்ளிவிட வேண்டும். லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார். "நகல்தாம்ப்பா. நல்ல நகல். உங்க அத்தாவுக்கு ஆரோ குடுத்துருக்காங்க" என்றார். யாரோ உஸ் என்றார்கள். சிக்கந்தர் அவர் முகத்தைப் பார்த்தான், பின்னைப் பார்த்தான், தீப்பெட்டியை மூடி மேசைமேல் வைத்தான். "அப்ப அது உன்ற கூட்டமப்பா. உன்றகிட்டயே இருக்கட்டும்" என்றான். கோபம் இல்லை அந்தக் குரலில், அதுதான், கோபம் இருந்திருந்தால் இன்னொரு முறை பார்த்திருக்கலாம். வீட்டுக்கு வந்து முதுகில் சென்டர் பஞ்சை வைத்து ஒரு தட்டு. நூற்றுப் பதினெட்டு. பத்தாவது வரிசையில் பத்தாவது. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் சிக்கந்தர் எஸ்டியைச் சர்வீஸ் செய்தான், மகள் கல்யாணத்துக்கு முதல் பந்தியில் உட்கார வைத்தான், இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் செத்துப்போனான், பின்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததைத் தன் தீர்ப்பை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார் மருதாசலம். ஒத்துக்கொண்டவன் அப்படித்தானே இருப்பான். ஒத்துக்கொள்ளாதவனும் அப்படித்தான் இருப்பான் என்பது வியாழக்கிழமை வரை தோன்றவில்லை.

ஷம்ஷாத் ஃபோன் செய்திருக்காவிட்டால் வியாழக்கிழமையும் தோன்றியிருக்காது. சிக்கந்தரின் ஒரே மகள், அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் பிரிவில் வேலை. பேப்பரில் கோவைப் பக்கத்தில் கண்காட்சி பற்றி நான்கு வரி வந்திருந்தது, அதில் அவர் பெயரும் இருநூற்றுப் பதினேழு நகல் பின்கள் என்பதும். அத்தாவோட அத்தா பின்னு உங்ககிட்ட இருக்குதுன்னு சொல்லியிருக்காங்க மாமா, ஒரு தடவ கையில வெச்சுப் பாக்கோணும் என்றாள். வாம்மா என்றார். கையில் வைத்துப் பார்க்கப்போகிறாள் என்பதால் அதைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷ வெல்வெட் அழுக்கு. தின்னரில் பஞ்சை நனைத்து முதுகைத் துடைத்தபோது கிளிப்பைச் சுற்றி இருந்த கறுப்பு கரைந்து வந்தது. அது அழுக்கல்ல, யாரோ வேண்டுமென்றே தடவிய கறுப்பு. அதன் கீழே பத்தவைத்த ஈயம், மொத்தையாக. ஈயத்தின் ஓரத்தில் பழைய கொக்கி ஒன்று முறிந்த அடிக்கட்டை, அதன் பக்கத்தில் கம்பெனி அடித்த வரிசை எண்ணில் மிச்சம், பாதி ஈயத்துக்குள் போன இரண்டு எண்கள், மூன்று, ஒன்று. கிளிப் புதுசு, பின் பழசு. ஊசியை எடுத்தார், கொக்கின் வால் பக்கம் பச்சையில் வைத்து அழுத்தினார். நகல் எனாமல் என்றால் ஊசி இறங்கும், பிளாஸ்டிக் மாதிரி. இறங்கவில்லை. வழுக்கியது, கண்ணாடியில் வழுக்குவது போல. சூளையில் வைத்து உருக்கிய எனாமல். பிறகுதான் கொக்கின் முகத்தைப் பார்த்தார், இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை லென்ஸ் போட்டு. கண் இருந்தது. கண்ணுக்குள் கருமணி இருந்தது. அந்த அளவில் கருமணி வைக்கிறவன் ஜலந்தரில் இல்லை. நான்கு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். உடம்பில் முதலில் வந்தது பயம் அல்ல, வெட்கம் கூட அல்ல. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எவ்வளவு நல்ல வேலை என்கிற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதற்குப் பிறகு கண் ஈயத்தின் ஓரத்திலிருந்து தன் புள்ளிக்குப் போனது. சரியாக நடுவில், ஒரே தட்டில், எந்தப் புள்ளியும் இவ்வளவு சுத்தமாக விழுந்ததில்லை.

பத்து ஐம்பது. ஒன்றைக் கழற்றிவிட்டு இருநூற்றுப் பதினாறு என்று எழுதியிருக்கலாம். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தேடினேன் கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை இதை நினைத்தார், சனிக்கிழமையும் நினைத்தார், ஞாயிறு காலை எஸ்டியைக் கிக் செய்யும்போதும் நினைத்தார், வண்டி முதல் உதையிலேயே எடுத்தது. அந்த எஞ்சினைக் கடைசியாகப் பிரித்துப் பூட்டியது சிக்கந்தர். இல்லை, ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால்கூடப் போதும், அவள் என்ன ஊசியோடா வரப்போகிறாள். நகல் பின் ஒன்றைத் தாத்தா நினைவாகக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள். திருப்பிப் பார்த்தால் புள்ளி. அட்டையில் எழுதியிருக்கிறது, புள்ளி இருந்தால் நகல். தன் கையெழுத்தே அவளுடைய தாத்தாவைப் பொய்யராக்கும், சிக்கந்தரையும். இருபத்தைந்து வருஷம் படுக்கையறைச் சுவரில் தினமும் ஆக்கியிருக்கிறது. அதைவிடப் பெரியது ஒன்று அதன் பின்னால் நிற்கிறது, அதை வெள்ளிக்கிழமை இரவிலிருந்து தள்ளித் தள்ளி வைக்கிறார். அந்த ஒரு பின் மட்டும்தானா? சங்கத்தில் யாருக்கு ஒரு பின் கிடைத்தாலும், மருதாசலத்துகிட்டக் காட்டு என்பார்கள். காட்டுவார்கள். அவர் திருப்புவார். கிளிப்பைப் பார்த்ததும் சொல்லிவிட்டவை எத்தனை? கணக்குப் போட்டார், முகம் முகமாக. ரயில்வே கார்டு ஒருவர், இரண்டு அண்ணன் தம்பிகள், சூலூரிலிருந்து விமானப்படை ஆள் ஒருவர், இன்னும் ஏழு பேர், மொத்தம் பதினொன்று. பதினொரு பேரிடம் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவர்கள் தூக்கிப் போட்டிருப்பார்களா, பேரப்பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்திருப்பார்களா? பலகை முன்னால் ஒரு தம்பதி குனிந்து நான்கு துப்பாக்கியை எண்ணுகிறார்கள், ஒன்று ரெண்டு மூணு நாலு, கணவர் மனைவியிடம் இது தப்பு என்கிறார், தப்பைத் தெரிஞ்சேதான் வெச்சிருக்காரு பாரு என்கிறாள் அவள். அந்தச் சொல்லில் ஏதோ இளகியது. தெரிந்தே வைத்தால் அது தப்பு இல்லை, தகவல். இந்தத் தப்பைக் கண்டுபிடித்தது யார், வேறு யாரும் இல்லை, ஜெகதீசன் இல்லை, சங்கம் இல்லை, இதே கண்தான். இருபத்தைந்து வருஷம் தாமதமாக, ஆனால் இதே கண். அப்படி நினைத்ததும் முதுகு நாற்காலியில் நேரானது. வெட்கம் கெட்ட முதுகு என்று நினைத்தார், ஆனால் அதை வளைக்கவில்லை.

பதினொன்று ஐந்துக்கு ஷம்ஷாத் வந்தாள். நீலச் சுடிதார், தலையில் துப்பட்டா, கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. சிக்கந்தரின் நெற்றி, அவனுடைய நின்று பார்க்கிற பார்வை. அத்தை வரலைங்களா மாமா என்று கேட்டாள். மத்தியானம் சாப்பாட்டோடு வருவாள் என்றார். பலகை முழுவதையும் பார்த்தாள், அவசரப்படவில்லை, பத்தாவது வரிசைக்கு வந்ததும் தானாகவே நின்றாள். கொக்கு என்று சிக்கந்தர் சொல்லியிருப்பான். கழற்றிக் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கொக்கைப் பார்த்தாள். பிறகு திருப்பினாள். அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி புள்ளியைப் பார்த்தாள். இந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று மருதாசலத்துக்குத் தோன்றியது. எழுந்தார். சோதனைப் பிரிவில் தவறான உருப்படி வெளியே போனால் சொல்கிறவன் நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும், அது எங்கும் எழுதாத விதி. குரலைத் தாழ்த்தினால் பாதி சொன்ன மாதிரி ஆகும். புல்லட் பக்கம் கேட்கிற அளவுக்குச் சொன்னார்.

"இது அசலம்மா. நான் பார்க்காம நகல்னு சொல்லிட்டேன். இந்தப் புள்ளி என்ற தப்பு."

ஜெகதீசன் நிக்கல் துடைப்பதை நிறுத்தினார். ஷம்ஷாத் நிமிரவில்லை. கட்டைவிரலால் ஈய மொத்தையைத் தடவிக்கொண்டே, "அத்தாக்குத் தெரியுமுங் மாமா. கிளிப்பு பத்த வெச்சதே அவங்கதான்" என்றாள். பெட்டியிலிருந்து எடுத்தபோது கொக்கி முறிந்திருந்ததாம். மருதாசலம் பட்டறையில் விட்டுப்போன உடைந்த பின் ஒன்று டிராயரில் கிடந்ததாம், அதிலிருந்து கிளிப்பைக் கழற்றிப் பத்தவைத்து, பத்தவைத்தது தெரியாமல் கறுப்பு தடவி, காட்டலாம் என்று தீப்பெட்டியில் வைத்தாராம். தன் கிளிப். தான் விட்டுப்போன கிளிப்பையே பார்த்துத் தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மூன்று வரி. சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றது. ஏன் சொல்லவில்லை அவன், ஒரு வார்த்தை, கிளிப் நான் வைத்ததுப்பா என்று ஒரு வார்த்தை. கேட்டேவிட்டார். ஷம்ஷாத் இப்போது நிமிர்ந்தாள். அம்மாவும் அதைத்தான் கேட்டாங்க என்றாள். "ரெண்டு கண்ணு இருக்குது, அதுக்கு மேல ஒரு கண்ணாடியும் இருக்குது, பாக்கட்டும்னு அத்தா சொல்லிட்டாங்க." அதைச் சொல்லும்போது அவள் குரல் அப்படியே சிக்கந்தர். குறை இல்லை அதில். அவனுக்கும் அவனுடைய கர்வம். கை வேலையை வாயால் விளக்கிச் சொல்வதா என்கிற கர்வம். பதினெட்டு வருஷம் வாயைத் திறக்காமல் கார்பரேட்டர் துடைத்தவன் காத்திருந்தானா, இல்லை, ஒரு ஆளைத் தினமும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தானா? இரண்டும்தான். அந்த மாதிரி ஆளைத்தான் சிநேகிதன் என்று வைத்திருந்தோம் என்று நினைத்தபோது மருதாசலத்துக்கு நெஞ்சு விரிந்தது, தான் ஜெயித்த இடத்தில்கூட இப்படி விரிந்ததில்லை.

புள்ளியை எடுக்க முடியுங்களா என்று கேட்டாள். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் மறுபடி சூடு பட்டால் எனாமல் வெடிக்கலாம், அடைத்தாலும் அடைத்தது தெரியும் என்றார். அப்ப இருக்கட்டும் என்றாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள், அதற்குள் ஆஸ்பத்திரிப் பஞ்சு போட்டு வைத்திருந்தாள், கொண்டுபோகிற எண்ணத்தோடுதான் வந்திருக்கிறாள். பிறகு கூட்டை மூடிவிட்டு, பின்னைத் தோள்பக்கத் துப்பட்டாவில் குத்தினாள், கிளிப்பை இரண்டு விரலால் அழுத்தி, கிளிப் நல்லாப் புடிக்குதுங் மாமா என்றாள். பிடிக்கும், ஜலந்தர்க் கிளிப் மோசமில்லை. அவள் புல்லட்டுகளைப் பார்க்க நகர்ந்தாள். ஜெகதீசன் மெதுவாக எழுந்து வந்து, பத்தாவது வரிசையின் ஓட்டையை, அதில் அழுந்திப்போயிருந்த வெல்வெட்டை, கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப நெசமா ஒண்ணு இருந்திருக்குது" என்றார். "இருந்துச்சுங்க" என்றார் மருதாசலம். ஜெகதீசன் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

வாசல் பதிவேடு அதே இடத்தில் இருந்தது. தன் வரியைக் கண்டுபிடித்து, 'அனைத்தும்' என்ற சொல்லின் குறுக்கே ஒரே ஒரு கோடு, கீழே எழுத்து தெரிகிற மாதிரி, எண்ணிக்கையின் குறுக்கே இன்னொரு கோடு, பக்கத்தில் இருநூற்றுப் பதினாறு, கையெழுத்து, நேரம் பதினொன்று முப்பத்தைந்து. பேனாவை மூடினார். கோடு நேராக விழுந்திருந்தது. திரும்பி நடக்கும்போது பதினொரு பெயர்களில் யார் யார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், யாருடைய எண் கைபேசியில் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார். ரயில்வே கார்டு இருக்கிறார், கணபதியில், மாடி வீடு. பசித்தது. சாரதாமணி தக்காளி சாதம் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள்.

2020 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை நடந்த அடுத்த கண்காட்சியில் மருதாசலத்துக்கு மீண்டும் பன்னிரண்டாம் எண் மேசை கொடுக்கப்பட்டது. பலகையில் இருநூற்றுப் பதினாறு பின்கள் இருந்தன. கடைசி ஒன்றை மேலே நகர்த்தியிருந்தால் பதினெட்டு வரிசையும் நிறைந்திருக்கும். அவர் நகர்த்தவில்லை, நூற்றுப் பதினெட்டாம் இடம் காலியாக இருந்தது. பதினொரு பேரில் நான்கு பேர் தங்கள் பின்களை மறுபடி கொண்டுவந்து காட்டினார்கள். நான்கையும் முகத்திலிருந்து தொடங்கிப் பார்த்தார். நான்கும் நகல்.